ஏழாவது மூட்டையின் எண்

கொடைக்கானல் மலைப் போளூர் நல்லசாமியிடம் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், இவன் எதற்காகக் கேட்கிறான் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். காரில் வந்து வழி கேட்கிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அவர் கணக்கில் நிலம் பிடிக்க வந்த ஆட்கள். வந்த வழியே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். பூட்டு வாங்கப் போனால் கடைக்காரரிடம், "ரெண்டு சாவி குடுத்தீங்க, மூணாவது சாவி ஒங்ககிட்ட இல்லேன்னு எப்படி நம்புறது?" என்பார். குடிதண்ணீர்த் தொட்டியில் மருந்து கலக்க வந்த பெண்ணை, முதலில் நீ ஒரு டம்ளர் குடித்துக் காட்டு என்று நிற்க வைத்தவர் அவர். அந்தப் பெண் குடித்துக் காட்டிய பிறகும் அவர் மூன்று நாள் ஓடைத் தண்ணீர்தான் குடித்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வராது. அடுத்தவன் தோட்டத்துப் பூண்டில் ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்லை. அவருடைய சந்தேகத்துக்கும் ஒரு தொடக்கம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி, மலைப்பூண்டு விதை என்று சொல்லி வேறு ஏதோ பூண்டை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். நட்டது முழுக்கத் தாளாக வளர்ந்ததே தவிர, மண்ணுக்குள் ஒன்றும் திரளவில்லை. அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரிந்தது தங்கை தங்கமுத்துவின் கூலியில்தான். பதினாறு வயதுப் பெண், பனிக்காலத்தில் விடிவதற்கு முன்னால் ஓடையில் நின்று மூட்டை மூட்டையாகக் காரட் கழுவினாள். கை வெடித்து ரத்தம் வரும். நல்லசாமி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்று அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார். இனி எவனையும் நம்புவதில்லை. தங்கமுத்துவை நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் நிறைவேற்றினார். வடகவுஞ்சி பொன்னுவேலுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார். பொன்னுவேல் பொய் பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே நல்லசாமிக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

இந்த மனிதர் வாழ்நாளில் முழுசாக நம்பியது ஒரே ஒன்றைத்தான். அது ஆளில்லை, ஓர் எண்.

அந்த எண்ணை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் மகள் சுகன்யா. கொடைக்கானலில் கணிதம் படிக்கிறாள். ஒரு விடுமுறையில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அதை எழுதிக் காட்டினாள்: 105263157894736842.

"அப்பா, கடைசியில இருக்குற ரெண்டை எடுத்து முன்னால வைங்க. என்ன வருது? 210526315789473684. இது அதைவிட சரியா ரெண்டு மடங்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம்ப்பா. நீங்களே பெருக்கிப் பாருங்க."

நல்லசாமி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கணக்கில் கெட்டி. பெருக்கினார். சரியாக வந்தது. மகள் ஏதோ கண்கட்டு வேலை செய்கிறாள் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பெருக்கினார். அப்போதும் சரியாக வந்தது. மூன்றால் பெருக்கினார், நான்கால் பெருக்கினார், ஒன்பதுவரை போனார். எதால் பெருக்கினாலும் அதே பதினெட்டு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் வேறு. ஒரு காலண்டரில் ஆடி, ஆவணி இரண்டு மாதத் தாள்களும் அதிலேயே தீர்ந்தன.

"இது எதையோ ஒளிச்சு வச்சிருக்கு," என்றார் இருளாயியிடம்.

"எண்ணு என்னத்தை ஒளிக்கும்? போயி மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்க," என்றாள் அவர் மனைவி.

சுகன்யா அதை எழுதுகிற வழியையும் சொல்லிக் கொடுத்தாள். மனப்பாடம் வேண்டாம். வலது கோடியில் 2 எழுது. இடது பக்கமாக இரட்டித்துக்கொண்டே போ. இரண்டு, நான்கு, எட்டு. அடுத்தது பதினாறு, ஆறை எழுதி, ஒன்றை மனதில் வை. ஆறும் ஆறும் பன்னிரண்டு, மனதில் இருக்கிற ஒன்றைச் சேர்த்தால் பதின்மூன்று. மூன்றை எழுதி, மறுபடி ஒன்றை மனதில் வை. இப்படியே பதினெட்டு இலக்கம் போனால் எண் தானாக முடிந்துவிடும். இரண்டுக்குப் பதிலாக ஏழில் தொடங்கினாலும் அதே வளையம்தான், வேறு இடத்திலிருந்து வரும். ஒன்றிலிருந்து பதினெட்டுவரை எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். பத்தோ அதற்கு மேலோ என்றால் கடைசி இலக்கத்தை எழுதி, ஒன்றை மனதில் வை. எழுதியதில் இடப்பக்கத்து ஒன்பதை மேலேயும் வலப்பக்கத்து ஒன்பதைக் கீழேயும் இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்தால், மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்து ஒவ்வொரு இடத்திலும் ஒன்பதுதான் வரும். எங்காவது ஒன்பது வரவில்லை என்றால் எழுதியதில் பிழை என்று அர்த்தம்.

இதைக் கேட்டபோது நல்லசாமியின் முகத்தில் வந்த சந்தோஷத்தை இருளாயி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

அது வேலைக்கு உதவும் நாளும் வந்தது. ஆனிக் காற்றில் அவர் வீட்டுக் கூரைத் தகரம் பறந்து, அடுப்புக்கு மேலிருந்த பரணும் சரிந்தது. மலைப்பூண்டு விதைக்குப் புகை வேண்டும். அடுப்புப் பரணில் இரண்டு மூன்று மாதம் புகை பிடித்தால்தான் அழுகாமல், பூச்சி விழாமல் அடுத்த நடவுக்கு நிற்கும். தங்கமுத்து போன் செய்தாள். "அண்ணே, எங்க பரணு காலியாத்தான் கெடக்கு. கொண்டாந்து போடு." வேறு வழியில்லை. பதினெட்டு மூட்டை விதைப்பூண்டு வடகவுஞ்சிக்குப் போக வேண்டும்.

மூட்டையில் பேர் எழுதினால் எவனும் அழித்துவிட்டு எழுதுவான். பட்டியல் போட்டு வைத்தால் பட்டியலையே திருடுவான். நல்லசாமி பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துப் பதினெட்டு அட்டை செய்தார். முதல் மூட்டைக்கு ஒன்றில் தொடங்கி, பதினெட்டாம் மூட்டைக்குப் பதினெட்டில் தொடங்கி, ஒவ்வொரு அட்டையிலும் அந்த வளையத்தை இரண்டு வரிசையாக எழுதினார். அட்டையை மூட்டை வாயோடு சேர்த்துக் கோணி ஊசியால் தைத்தார். மூட்டையைப் பிரித்தால் அட்டை கிழியும். கிழிந்தால் புதிதாக எழுத வேண்டும். பார்த்து எழுதுகிறவன் பதினெட்டு இலக்கத்தில் ஓரிடத்திலாவது தடுக்காமல் இருக்க மாட்டான். தடுக்கினால் எண்ணே சொல்லிவிடும். எழுதும்போது யாரும் பார்க்கக் கூடாதென்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதினார்.

நடவுக்கு ஒரு வாரம் முன்னால் மூட்டைகள் திரும்பி வந்தன. பொன்னுவேலே வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். நல்லசாமி கதவைச் சாத்திக்கொண்டு அட்டை அட்டையாகப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. ஆறு மூட்டைக்கும் பிசகில்லை. ஏழாவது மூட்டையில் இருந்தது இது:

894736842
631578947

எட்டும் ஆறும் பதினாலு. ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. கடைசி இடத்தில் மட்டும் ஒன்பது வந்தது. மீதி எட்டு இடமும் தப்பு. மற்ற பதினோரு மூட்டையும் சரியாக இருந்தன. நல்லசாமிக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. பதினேழு மூட்டை பத்திரமாக வந்ததை நினைக்கிறவர் இல்லை அவர்.

அட்டை கிழியாமல் கோணியோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, ஏழாவது மூட்டையைப் பிரித்தார். பூண்டு சிறுத்திருப்பதாகத் தெரிந்தது. நிறம் வெளுத்திருப்பதாகவும் தெரிந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இருளாயி ஒரு பூண்டை உடைத்து முகர்ந்து, "நம்ம பூண்டுதான்," என்றாள். அவர் காதில் அது விழவில்லை. கீழ் வரிசையை ஒழுங்காகப் பார்த்து எழுதிய திருடன், மேல் வரிசைக்கு வந்ததும் அலுத்துப்போய்க் கண்டபடி நிரப்பியிருக்கிறான். அவர் கணக்கில் அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

மறுநாளே வடகவுஞ்சிக்குப் போனார். வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால்கூட விஷயம் நான்கு சுவருக்குள் போயிருக்கும். பேருந்து நிற்கிற இடத்து டீக்கடையில், பத்துப் பேர் முன்னால், அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"மாப்பிள்ளை, ஏழாவது மூட்டை என் மூட்டை இல்ல."

பொன்னுவேல் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "மச்சான், என்ன சொல்றீங்கன்னு ரோசிச்சுச் சொல்லுங்க."

"நான் சொல்லல. எண்ணு சொல்லுது."

பொன்னுவேலுக்கு எண் புரியவில்லை. ஊர் பார்க்கிறது என்பது மட்டும் புரிந்தது. "அப்பச் சரி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முருகன் கோயில்ல சூடம் அணைக்கிறேன். ஒத்துக்கிறீங்களா?"

அந்த இடத்தில் நல்லசாமி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி," என்றார்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது அந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு தரம் சூடம் அணைந்துவிட்டால் கேட்டவர் வீட்டுக்கும் அணைத்தவர் வீட்டுக்கும் உறவு அற்றுப் போகும். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கக் கூடாது. ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. கல்யாணம், சாவு எதற்கும் போகக் கூடாது. நாள் குறித்த பிறகு சத்தியம் முடியும்வரை இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளவும் கூடாது. தப்பிக்க ஒரே வழி உண்டு. கேட்டவர் நேரில் வந்து, சூடம் கொளுத்தும் முன்னால், "எனக்குச் சந்தேகம் இல்லை," என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் வராவிட்டால் சத்தியம் குறித்த நேரத்தில் நடந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"ஒரு மூட்டைப் பூண்டுக்குக் கூடப்பொறந்தவளத் தலைமுழுகப் போறீங்களா?" என்று இருளாயி அழுதாள். "ஓடையில நின்னு காரட்டுக் கழுவி ஒங்களுக்குக் கஞ்சி ஊத்துனவ."

"அவ எடுக்கல. அவ புருஷன்தான் எடுத்தான்," என்றார் நல்லசாமி. அது என்ன சமாதானமோ, அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் சுகன்யா விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் அட்டையை வாங்கிப் பார்த்தாள். எல்லாரும் இடமிருந்து படிக்கிற எண்ணை அவள் வலமிருந்து படித்தாள். கீழ் வரிசையை முடித்து மேல் வரிசைக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

"அப்பா, இதை எழுதுனது நீங்கதான்."

"ஒங்க அத்தை சொல்லச் சொன்னாளா?"

"நான் அத்தைகூடப் பேசவே இல்ல. இங்க பாருங்க. கீழ வரிசை பூரா சரியா வந்திருக்கு. மேல மொதல்ல ரெண்டு. இந்த ரெண்டு எப்படி வந்துச்சு? ஆறும் ஆறும் பன்னெண்டு, ரெண்டை எழுதி ஒண்ணை மனசுல வைக்கணும். அப்ப அடுத்தது என்ன? ரெண்டும் ரெண்டும் நாலு, அந்த ஒண்ணைச் சேத்தா அஞ்சு. இங்க நாலுன்னு இருக்கு. மனசுல வச்ச ஒண்ணை மறந்துட்டீங்க."

"அது திருடன் தப்பா எழுதுனது."

"திருடன் தப்பா எழுதுனா அந்த ஒரு எடம்தான் தப்பாயிருக்கும். இங்க அந்த நாலுக்கப்புறம் எட்டு. அப்புறம் பதினாறுக்கு ஆறு. அப்புறம் பதிமூணுக்கு மூணு. அப்புறம் ஏழு. தப்பான எடத்துல இருந்து ஒழுங்கா இரட்டிச்சுக்கிட்டே போயிருக்கு. பாத்து எழுதுறவனுக்கு இரட்டிக்கத் தெரியாதுப்பா. இரட்டிக்கிற வழி தெரிஞ்ச ஆளுதான் இப்படித் தப்பு விட முடியும்."

நல்லசாமி அட்டையை வாங்கிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து இருளாயி சொன்னாள்: "அன்னைக்குக் கொட்டகைக்கு நான் காப்பி கொண்டாந்தேன்ல? 'ஏன்டி எட்டிப் பாக்குற, ஏழாவது அட்டையில இருந்தேன், கெடுத்துட்டியே'ன்னு கத்துனீங்க. நெனவிருக்கா?"

நினைவிருந்தது. தான் எழுதியதுதானே என்று கூட்டிப் பார்க்காமலே தைத்ததும் நினைவுக்கு வந்தது. பெற்ற மகளிடம் தோற்பது ஒன்றும் அவமானமில்லை. ஆனால் தான் நம்பிய ஒரே ஒரு பொருள் தன்னையே கைகாட்டுகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன்," என்றார். "வெள்ளனே எந்திரிச்சுப் போயிச் சொல்லிட்டு வந்துடுறேன்." இருளாயி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் நல்லசாமி குளித்து, வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தார். போளூரிலிருந்து ஆறு மணிக்குப் பேருந்து. கொடைக்கானலில் இறங்கிப் பழனி வண்டி பிடித்தால் பத்து மணிக்கு முன்னால் வடகவுஞ்சி. கையில் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் வினையானது.

இரட்டிக்கத் தெரிந்த ஆள் என்றால், தனக்குத் தெரியும். சுகன்யாவுக்கும் தெரியும். சுகன்யாவுக்குத் தெரிந்தது பொன்னுவேலின் மகன் முகேஷுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டும் ஒரே வயது. போனில் பேசிக்கொள்கிறதுகள்.

"ஏம்மா, முகேஷுகிட்ட இந்த எண்ணைப் பத்திச் சொன்னியா?"

சுகன்யா அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. "சத்தியமா இல்லப்பா. நேரமாச்சு, கெளம்புங்க."

"இந்தா, ஒரு நிமிஷம்."

மற்ற மூட்டைகளின் அட்டைகளையும் கோணியோடு வெட்டி எடுத்து, பதினெட்டையும் தரையில் பரப்பினார். எல்லா அட்டையிலும் உள்ள நாலைப் பார்க்க வேண்டும். தன் நாலுக்குக் கால் நீளம். ஏழாவது அட்டையின் நாலுக்கும் கால் நீளமா? நீளம்தான். ஒன்று பார்த்தது போதாது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெளியே பேருந்தின் சத்தம் கேட்டது. சுகன்யா ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டாள்.

"அப்பா! வெரசா வாங்க!"

"வரேன், வரேன்." நாலு முடிந்தது, எட்டைப் பார்த்தார். எட்டின் கழுத்து அவர் எழுதுகிற மாதிரிதான் சாய்ந்திருந்தது. ஒன்பதைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்கப்பா வருவாரா மாட்டாரா?" என்று நடத்துநர் கேட்டார். "எனக்கு அங்கங்க ஆளு நிக்குது." இரண்டு நிமிடம் நின்றார். மூன்றாவது நிமிடம் விசில் அடித்தார்.

நல்லசாமி அட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் மனதில் ஒரு துளிச் சந்தேகம் இல்லை. அது தன் கையெழுத்துத்தான். பேருந்து வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. சுகன்யா நடுரோட்டில் நின்றிருந்தாள்.

காரட் ஏற்றிய வேன் ஒன்றில் மூட்டைமேல் உட்கார்ந்து கொடைக்கானல் போனார். பழனி வண்டி ஒன்று போய்விட்டது, அடுத்ததற்கு நின்றார். செண்பகனூர் தாண்டும்போதே மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வழியெல்லாம் முருகா முருகா என்றார். "எனக்குச் சந்தேகம் இல்லை, எனக்குச் சந்தேகம் இல்லை," என்று பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

வடகவுஞ்சியில் இறங்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் மேட்டில் ஓடுவது லேசில்லை. கோயில் வாசலை எட்டியபோது மணி பத்து இருபது. உள்ளே நுழையும் முன்பே கத்தினார்: "மாப்பிள்ளை! தப்பு என்னோடது! எனக்குச் சந்தேகம் இல்ல!"

கூட்டம் வழி விட்டது. பொன்னுவேல் சன்னிதி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது உள்ளங்கை கறுத்திருந்தது. தட்டில் கரித்தடம் மட்டும் இருந்தது.

நல்லசாமி அட்டையை நீட்டி, மூச்சு வாங்க, மனதில் வைத்த ஒன்றை மறந்ததையும் ஐந்து நாலானதையும் சொல்லத் தொடங்கினார். பொன்னுவேல் கையமர்த்தினார்.

"நான் எடுக்கலேங்கிறது எனக்குத் தெரியும் மச்சான். எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

தங்கமுத்து தூணோரமாக நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பேசலாமா கூடாதா என்று பூசாரியைப் பார்த்தாள். பூசாரி தலையாட்டினார், பேச்சுக்குத் தடை முடிந்துவிட்டது.

"அண்ணே, நீ வருவேன்னு நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். எங்கண்ணன் வந்துரும், வந்துரும்னு சொல்லி இவரைப் பத்து நிமிஷம் நிறுத்தி வச்சேன். அதுக்கு மேல ஊரு விடல."

பத்து நிமிடம். நல்லசாமி நாலையும் எட்டையும் ஒன்பதையும் ஒத்துப் பார்க்க எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். அதை அவளிடம் சொல்ல முடியுமா? வாய்விட்டு அழுதுவிட்டார். ஊர் பார்க்கிறதே என்ற நினைப்புக்கூட அப்போது வரவில்லை.

அவர் அழுவதைப் பார்த்துத் தங்கமுத்துவுக்கும் அழுகை வந்து, விக்கல் எடுத்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றவள். நல்லசாமி பதறிப்போய், பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"குடி தாயி, மொதல்ல ஒரு வாய் குடி."

அவள் கை தன் போக்கில் நீண்டது. பாதி வழியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை மடக்கிக்கொண்டாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், கோயில் குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள்.